எந்த இடத்தில் அழுதீர்கள்? – வாசகர் கேள்வி பதில்

வீட்டில் அண்மையில் பார்த்த படங்களைப் பற்றி எழுதியனுப்புமாறு சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களிற் பெரும்பாலானவை 'அருமையான படம்', 'சரியான அறுவை' என்ற இரண்டு தீர்ப்புகளோடு நின்றுவிட்டன. தீர்ப்புச் சொல்வது எளிது. அதனால் அடுத்தவருக்குப் பயன் ஏதுமில்லை. ஆகவே, எந்தக் காட்சி தம்மை என்ன செய்தது என்று குறிப்பிட்டு எழுதியவர்களின் கேள்விகளையே பெரும்பாலும் இங்கே தெரிந்தெடுத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, கோண்டாவில்: கனடாவிலிருக்கும் மகள் தன்னுடைய கணக்கைப் பாவிக்கத் தந்ததால் 'மெய்யழகன்' பார்த்தோம். முக்கால் மணித்தியாலத்தில் என் கணவர், 'இதில் ஒன்றும் நடக்கவில்லையே' என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். நான் கடைசிவரை இருந்து பார்த்தேன். சைக்கிளைப் பற்றிச் சொல்லும் இடத்தில் அழுகையை அடக்க முடியவில்லை. வயது போனதால் இப்படி இளகிப்போகிறேனா, அல்லது படத்தில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா?

பதில்: படத்தில் இருக்கிறது ரீச்சர், வயதின்மேற் பழியைப் போடவேண்டாம். பிரேம்குமார் இயக்கி 2024 செப்டெம்பரில் வெளிவந்த அந்தப் படத்தில், சொத்துப் பிணக்கு ஒன்றினால் 1996இல் தஞ்சாவூரிலிருந்த வீட்டை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போன குடும்பத்தின் மகன், இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் தங்கை முறையான பெண்ணின் கலியாணத்துக்காக ஊருக்கு வருகிறான். அங்கே 'அத்தான், அத்தான்' என்று ஓர் உறவினன் ஒட்டிக்கொள்கிறான். அவனுடைய பெயர் வந்தவனுக்கு நினைவில்லை, கேட்கவும் வெட்கம். கலியாண வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு 'என்னை ஆரென்று தெரியுதோ?' என்று கேட்பவரிடம் அகப்பட்டு விழித்த அனுபவம் நம்மில் எவருக்குத்தான் இல்லை? அதுவரை படம் ஒரு நகைச்சுவைதான்.

நீங்கள் குறிப்பிட்ட சைக்கிளோ வேறு வகையானது. ஊரை விட்டுப் போனவர்கள் கைவிட்ட சைக்கிள் அது. விட்டுச் சென்றவனுக்கு அப்படி ஒன்று இருந்ததே நினைவில்லை. அது கைக்கு வந்தவனின் குடும்பம் அதைக் கொண்டே தலையெடுத்திருக்கிறது. அவன் நன்றி சொல்லச் சொல்ல, கேட்டுக்கொண்டிருப்பவன் கூசிக் குறுகி, கடைசியில் சொல்லிக்கொள்ளாமலே விடியமுன் புறப்பட்டுவிடுகிறான். நாம் 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போரினால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பக்கம் நடந்த சனங்கள். பலருக்கு அன்று சைக்கிள்தான் வாகனம். அதன் கரியரிலும் பாரிலும் ஏற்ற முடிந்தது மட்டுமே சொத்து. ஏற்ற முடியாதவை வீட்டோடு நின்றன. அடுத்த ஆண்டு திரும்பி வந்தவர்கள், நிலைகளும் கதவுகளும் கழற்றப்பட்ட வீடுகளைக் கண்டு வயிறெரிந்து திட்டியதை நான் கேட்டிருக்கிறேன். திட்டியதில் நியாயமும் இருந்தது. ஆனால், நாம் விட்டுவந்த பொருள் ஒன்றினால் எங்கோ ஒரு குடும்பம் பிழைத்திருக்கவும் கூடும் என்ற பக்கத்தை நமக்கு இதுவரை ஒருவரும் கதையாகச் சொல்லவில்லை. தஞ்சாவூர்க்காரர் ஒருவரின் கதைக்குள் அது வந்து நிற்கும்போது கோண்டாவிலில் இருப்பவர் அழுவது இயல்பானதே.

உங்கள் கணவர் சொன்னதையும் முற்றாகத் தள்ள முடியாது. இருவரும் இருந்து கதைக்கும் இரவுப் பகுதி நீண்டுவிட்டதாகவே எனக்கும் பட்டது. படம் வெளியான சில நாட்களிலேயே இயக்குநர் ஏறத்தாழ 18 நிமிடங்களைக் குறைத்தார் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள், கொஞ்சம் சமாதானமாவார். பிறகு, முழுப் படத்துக்கும் வேண்டாம், அந்தச் சைக்கிள் காட்சிக்கு மட்டும் அவரைக் கூப்பிட்டு இருத்திப் பாருங்கள்.

வங்கி ஊழியர், நல்லூர்: வேலை முடிந்து வந்தால் நேரம் கிடைப்பதில்லை. ஆகவே படங்களை ஒன்றரை மடங்கு வேகத்திற் பார்க்கிறேன். 'மகாராஜா' பெரிதாகப் புகழப்பட்டது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

பதில்: வெவ்வேறு ஆண்டுகளில் நடந்தவற்றை ஒரே காலத்தில் நடப்பவைபோல அடுக்கிக் காட்டி, பார்ப்பவர் அதைக் கண்டுபிடிக்கும் கணத்திலேயே தன் முழுப் பலத்தையும் வைத்திருக்கும் படம் அது. அதை வேகமாக ஓடவிட்டுவிட்டுப் பிடிபடவில்லை என்று எழுதினால் நான் என்ன செய்வது? நேரமில்லாத நாளில் அரைப்படம் பாருங்கள். மீதி நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்.

பல்கலைக்கழக மாணவர், சாவகச்சேரி: 'கொட்டுக்காளி'யில் பின்னணி இசை இல்லை, முடிவும் இல்லை. ஓர் ஓட்டோவின் பின்னால் ஒன்றரை மணித்தியாலம் போனதுதான் மிச்சம். திரைப்பட விழாக்களுக்கென்றே எடுக்கப்பட்ட இப்படியான படங்களை நாங்கள் ஏன் பார்க்கவேண்டும்?

பதில்: விழாவுக்குப் போனதை ஒரு படத்தின் குற்றமாகக் கொள்ளவேண்டியதில்லை, தம்பி. வினோத்ராஜ் இயக்கிய அந்தப் படம் 2024இன் தொடக்கத்திலே பேர்லின் விழாவில் திரையிடப்பட்டு, ஓகஸ்ட் மாதத்தில் தமிழ்நாட்டுத் தியேட்டர்களுக்கும் வந்தது. பின்னணி இசை இல்லை என்பது சரி. ஓசை இல்லை என்பது சரியல்ல. ஓட்டோவின் இரைச்சல், கட்டி வைத்த சேவலின் சிறகடிப்பு, கரகரத்துப்போன தொண்டையோடு சூரி போடும் சத்தம் ஆகியவையே அங்கு இசையின் வேலையைச் செய்கின்றன. கைத்தொலைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில், அதுவும் அயற்கோயிலில் பாட்டுப் போட்டிருக்கும் நேரத்தில் பார்த்திருந்தால் இவற்றில் ஒன்றும் உங்கள் காதில் விழுந்திராது.

ஒரு காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அன்னா பென் நடித்த அந்தப் பெண் படம் முழுவதும் ஏறத்தாழ வாய் திறப்பதே இல்லை. வழியில் எங்கோ ஒலிக்கும் பாட்டொன்றை அவள் தன்பாட்டில் முணுமுணுக்கிறாள், அவ்வளவுதான். அதைக் கண்டவுடன், அவளை மணமுடிக்கவிருக்கும் முறைமாப்பிள்ளை வெறிகொண்டு அவளையும், தடுக்க வந்த பெண்களையும் அடித்து நொறுக்குகிறான். வேறொருவனைக் காதலித்த பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று நம்பிச் சாமியாரிடம் 'பார்க்க'க் கொண்டு போகும் கூட்டத்தில் உண்மையில் எவருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்பதை அந்தக் காட்சி எவ்வித வசனமுமின்றிக் காட்டிவிடுகிறது. நூல் கட்டுவதும், பார்வை பார்ப்பதும், கழிப்புக் கழிப்பதும் தென்மராட்சியில் தெரியாத சங்கதிகளா? படித்த வீடுகளிலேயே, பெண்பிள்ளை சொல்வழி கேட்கவில்லை என்றால் கடைசியில் எங்கே கொண்டு போகிறார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் மெல்ல விசாரித்துப் பாருங்கள்.

முடிவைப் பற்றிய உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால், அங்கே போய்ச் சேர்ந்ததும் தன் கண்முன்னால் இன்னொரு பெண்ணுக்கு நடப்பதைக் கண்ட அவன் என்ன செய்யப்போகிறான் என்று இயக்குநர் சொல்லிவிட்டால், நாம் நிம்மதியாகத் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடுவோம். நீங்களோ கோபத்தோடு கடிதம் எழுதியிருக்கிறீர்கள். இயக்குநர் எண்ணியது நடந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

வாசகி, கரவெட்டி: என் கணவர் ஜேர்மனியில் இருக்கிறார். மாமியும் நானும் இருந்து 'ஆல் வீ இமாஜின் அஸ் லைட்' பார்த்தோம். குக்கர் வரும் காட்சியில் மாமி எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அந்தப் படத்தைப் பற்றிக் கதைக்கவேயில்லை. மாமியோடு இருந்து பார்த்தது பிழையா?

பதில்: பிழையில்லை, தங்கச்சி. மற்ற வாசகர்களுக்காகக் கதையை இரண்டு வரியிற் சொல்லிவிடுகிறேன். பாயல் கபாடியா இயக்கிய இந்தப் படம் 2024ஆம் ஆண்டு கான் விழாவில் கிராண்ட் பிரீ பரிசைப் பெற்றது. அவ்விழாவின் பிரதான போட்டிக்கு இந்தியப் படமொன்று தெரிவானது முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதுவே முதற்தடவை. மும்பையில் தாதியாக வேலை செய்யும் மலையாளப் பெண் பிரபா. பெற்றோர் பேசிச் செய்துவைத்த கலியாணம். கணவன் சிறிது காலத்திலேயே ஜேர்மனிக்குப் போய்விட்டான். தொலைபேசி அழைப்பும் நின்று ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. அப்படியிருக்க ஒருநாள், அனுப்பியவர் பெயரோ ஒரு வரிக் கடிதமோ இல்லாமல், ஜேர்மனியிற் செய்யப்பட்ட சிவப்பு நிற றைஸ் குக்கர் ஒன்று வீட்டுக்கு வந்து சேர்கிறது. இரவில், எவரும் பார்க்காத வேளையில், அவள் குசினித் தரையில் இருந்துகொண்டு அந்தக் குக்கரை மடியோடு சேர்த்து அணைத்துக்கொள்கிறாள். கனி குஸ்ருதியின் முகத்தில் அப்போது பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை. கைகள் மட்டுமே பேசுகின்றன. அண்மைக்காலத்திற் பார்த்தவற்றில் என்னைப் பலநாள் தொந்தரவு செய்த காட்சி இதுதான்.

வடமராட்சியிற் குக்கர் வராத வீடு எது? கப்பலில் வரும் பெட்டியைப் பிரித்து, சவர்க்காரம், சொக்கிலேற், பால்மா, சட்டைகள் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, இது இன்னாருக்கு என்று பிரித்து வைக்கும் கைகளில் அனுப்பியவரின் கையைத் தேடும் பெண்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். இந்தப் படத்தை எடுத்தவர் யாழ்ப்பாணத்தைப் பார்த்திருக்கவேண்டிய அவசியமில்லை. கேரளத்திலும் அதே பெட்டிகள்தான் வந்திறங்குகின்றன.

மாமி எழும்பிப் போனதை உங்கள்மேல் வைத்த குறையாக நினைக்கவேண்டாம். ஜேர்மனியில் இருப்பவர் உங்களுக்குக் கணவர், அவருக்கு மகன். மருமகள் இரவுகளில் எப்படி இருக்கிறாள் என்பதை ஒரு திரை தனக்குக் காட்டிக்கொடுத்துவிட்டதாக அவர் கூசியிருக்கலாம். தானே அனுப்பிவைத்தேன் என்ற நினைவு குத்தியிருக்கவும் கூடும். பெரியவர்களோடு இருந்து பார்க்கக் கூச்சப்படவேண்டிய காட்சிகள் அந்தப் படத்திற் பின்னால் வருகின்றன. மாமியோ அவற்றுக்காக அல்ல, ஒரு குக்கருக்காக எழும்பிப் போயிருக்கிறார். அவர் படத்தை நன்றாகவே பார்த்திருக்கிறார். நீங்களாகக் கதையைத் தொடங்கவேண்டாம். அடுத்தமுறை ஒரு படம் போடும்போது, எதைப் பார்ப்போம் என்று அவரிடமே கேளுங்கள்.

முதியவர், வண்ணார்பண்ணை: ராஜாவிலும் மனோகராவிலும் வெலிங்டனிலும் வரிசையில் நின்று ரிக்கற் எடுத்துப் படம் பார்த்தவன் நான். வீட்டுக் கதிரையில் இருந்து பார்ப்பதெல்லாம் படம் பார்த்ததாகுமா?

பதில்: ஐயா, தியேட்டருக்கும் வீட்டுக்கும் நடுவில் நமக்கு மூன்றாவதாக ஒன்று இருந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 1990இல் போர் மீண்டும் மூண்டு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோன பிறகு, ஜெனரேற்றரும் ரி.வி.யும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஒழுங்கை முழுவதும் ஒரு முற்றத்திற் கூடியிருந்து, ஒரே இரவில் மூன்று நான்கு படங்கள் பார்த்தோம். ஜெனரேற்றர் மண்ணெண்ணெயில் ஓடியது. அதைத் தொடக்கிவிடுவதற்கு மட்டும் சொட்டுப் பெற்றோல் பத்திரமாக வைத்திருப்பார்கள். என்ன படம் என்பதைவிட, எண்ணெய் கடைசிப் படத்தின் உச்சக்கட்டம்வரை தாக்குப்பிடிக்குமா என்பதே பெரிய கவலை. ஜெனரேற்றரின் இரைச்சலில் வசனம் பாதி கேட்காது. முன்னர் பார்த்த ஒருவர் உரத்துச் சொல்லிக்கொண்டிருப்பார். அழுகிற காட்சியில் பெண்கள் பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தால், ஆண்கள் பக்கத்தில் எவராவது பகிடி விடுவார். அவருடைய குரலும் தழதழத்திருக்கும்.

ஆகவே, வீட்டிற் பார்ப்பது படம் பார்த்ததாகாது என்பதை யாழ்ப்பாணத்தார் ஒப்புக்கொள்ள முடியாது. என்னுடைய குறை வேறு. இப்போது ஒரே வீட்டில் நான்கு பேர் நான்கு கைத்தொலைபேசிகளில், காதிற் கருவியை மாட்டிக்கொண்டு, நான்கு படங்கள் பார்க்கிறார்கள். எவர் எந்த இடத்தில் அழுதார் என்று மற்றவருக்குத் தெரிவதில்லை.

வாசகர், மானிப்பாய்: 'டூரிஸ்ட் ஃபேமிலி' பார்த்து வீட்டில் எல்லோரும் சிரித்தோம், கண்கலங்கினோம். அப்பா மட்டும், 'எங்கட கஷ்டத்தை வைத்துக் காசு பார்க்கிறாங்கள்' என்று சொல்லிவிட்டார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் அப்பா சொல்வதிற் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். பொருளாதார நெருக்கடியால் இலங்கையிலிருந்து படகேறி இராமேசுவரத்தில் இறங்கும் குடும்பமொன்று, தாம் யாரென்பதை மறைத்துச் சென்னையில் வாழத் தொடங்குவதே 2025 மே மாதம் வெளிவந்த அந்தப் படத்தின் கதை. 2022இல் அவ்வாறு உண்மையாகவே கடல் கடந்தவர்களை மண்டபம் முகாமிலே தங்கவைத்தார்கள். தமிழ்நாட்டின் முகாம்களில் 1980களிலிருந்தே இருந்துவரும் நம்மவர்களும் இருக்கிறார்கள். அந்த முகாம்களுக்கு 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள். படமோ முகாமின் வாசலைக்கூட எட்டிப் பார்க்காமல், நல்ல மனிதர்கள் நிறைந்த ஒரு தெருவுக்குள் நம்மைக் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் ஏறத்தாழ நல்லவர்களாகிவிடும்போது, அகதி வாழ்க்கையை அறிந்தவருக்கு எரிச்சல் வருவது நியாயமே.

ஆனால், அந்தத் தெருவில் ஒரு மரணம் நிகழும் இடத்தை அப்பாவுக்கு நினைவூட்டுங்கள். ஒருவரையொருவர் அறியாமல் இருந்த அயலவர்கள், இந்தக் குடும்பத்தின் பொருட்டு ஒரு செத்தவீட்டிற் கூடுகிறார்கள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று அயலவர் தேத்தண்ணீரும் சாப்பாடும் கொண்டு வருவதும், பந்தல் போடுவதிலிருந்து காடாத்து வரைக்கும் ஊர் பொறுப்பெடுப்பதும் நாம் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்து வைத்திருப்பவை. நம்மிடமிருந்து பரிதாபத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் இதையும் எடுத்துக்கொண்டார்களே என்பதே என் திருப்தி. பேச்சைப் பொறுத்தவரை 'தெனாலி' வந்த 2000ஆம் ஆண்டிலிருந்து இன்றுவரை முன்னேற்றம் உண்டு; ஆனாலும் நம்மவர் நம்முடைய இழுவையிலேயே பேசுவதைக் கேட்கவேண்டுமென்றால், ஷோபாசக்தி நடித்து 2015இல் கான் விழாவின் தங்கப் பனை விருதை வென்ற பிரெஞ்சுப் படமான 'தீபன்' பக்கமே போகவேண்டியிருக்கிறது. இன்னொன்று: 2002இல் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் ஈழத்துக் குழந்தையை வளர்க்கும் தமிழ்நாட்டுத் தாயாக நடித்த சிம்ரனே இதில் ஈழத்துத் தாயாக வருகிறார்.

வாசகர், சுன்னாகம்: கிரிக்கெட் படமென்று நம்பித் தம்பிமாரோடு இருந்து 'லப்பர் பந்து' பார்த்தோம். யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் கிரிக்கெட் போட்டியான வடக்கின் பெருஞ்சமரைப் போல விறுவிறுப்பாகப் போய்க்கொண்டிருந்த படத்திற் சாதியைப் புகுத்திக் கெடுத்துவிட்டார்கள். விளையாட்டில் இது எதற்கு?

பதில்: நன்றாக விளையாடும் ஒருவனை அவன் பிறந்த இடத்தைப் பார்த்து அணிக்குள் எடுக்காமல் விடுகிறார்கள், அதிலிருந்தே கதை பிறக்கிறது. புகுத்தியது இயக்குநர் அல்லர், அணியின் வாசலில் நின்றவர்கள். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் எல்லோரும் போகவேண்டும் என்று 1968இல் ஒரு போராட்டம் நடந்தது. அது உங்கள் ஊரிலிருந்து எட்டும் தூரந்தான். அந்த வாசலையும் இந்த வாசலையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

சாதியும் சீதனமும் யாழ்ப்பாணத்து வீடுகளுக்குள் என்ன செய்கின்றன என்பதை, 1970களின் பிற்பகுதியில் இங்கேயே வந்து 'பொன்மணி' என்ற தமிழ்ப்படமாக எடுத்தவர் தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர். மெதுவாக நகரும் படம், விறுவிறுப்பை எதிர்பார்க்கவேண்டாம். அப்போது நம் சனங்கள் அதைப் பெரிதாகக் கொண்டாடவில்லை.

இளம் ஆசிரியர், கிளிநொச்சி: சிங்கள இயக்குநர்கள் நம்மைப் பற்றி எடுத்தவற்றில் வீட்டில் இருந்து பார்க்கக்கூடியவை எவை?

பதில்: அசோக ஹந்தகமவின் 'இனி அவன்' (2012) முதலாவது. போராளியாக இருந்த ஒருவன் ஊருக்குத் திரும்பி வரும்போது ஊர் அவனை எப்படிப் பார்க்கிறது என்பதுதான் அதன் கதை. யாழ்ப்பாணத்தில் எடுக்கப்பட்டது. 2022இல் நாம் இழந்த தர்ஷன் தர்மராஜின் நடிப்புக்காகவே இரண்டாவது தடவையும் பார்க்கலாம்.

அடுத்தது பிரசன்ன விதானகேயின் 'பேரடைஸ்' (2023). 2022 நெருக்கடிக் காலத்தில் மலைநாட்டுக்குச் சுற்றுலா வரும் இந்தியத் தம்பதியின் பொருட்கள் களவு போகின்றன. பொலிஸார் தோட்டத்துத் தமிழ் இளைஞர்களைப் பிடித்து வந்து நிறுத்துகிறார்கள். தன் மடிகணினி திரும்பக் கிடைத்தாற் போதும் என்று அவசரப்படும் கணவனையும், அடையாளம் காட்டும்படி சொல்லப்பட்டவர்களின் முகங்களைப் பார்க்கத் தொடங்கிவிட்ட மனைவியையும் ஒரே சட்டகத்துக்குள் நிறுத்தும் காட்சிகளைக் கவனித்துப் பாருங்கள். நம்மைப் பற்றிய படமென்று எண்ணிக்கொண்டு போனால் அது மலையகத்தைப் பற்றியதாக இருக்கும். வடக்கில் இருக்கும் நாம் பார்க்கவேண்டியதற்கு அதுவே போதுமான காரணம். ஆங்கிலம், மலையாளம், சிங்களம், தமிழ் எல்லாம் கலந்து வருவதால், உபதலைப்புகளைப் போட்டுக்கொண்டு தொடங்குங்கள்.